கம்பளியும் குவிமாடமும்

ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றி நமது பாடசாலைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை மிகவும் எளிமையானது. 1453 ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியர் வசமாயிற்று. அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் தம் ஏடுகளைச் சுமந்துகொண்டு இத்தாலிக்கு வந்தனர். மெடிச்சி குடும்பத்தார் போன்ற செல்வர்கள் அவர்களைப் புரந்தனர். கலையும் கல்வியும் மலர்ந்தன. இதனை மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் சித்தியெய்துவான். ஆனால், மறுமலர்ச்சியின் தாயகமெனப்படும் புளோரன்ஸ் நகரிலே, அக்காலக் கட்டடக் கலையின் பெருஞ்சாதனையாகிய பேராலயக் குவிமாடம் 1436 ஆம் ஆண்டிலேயே கட்டி முடிந்துவிட்டது. கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்வதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அது தலைநிமிர்ந்து நின்றது. ஆகவே, அறிஞர் வருகையைக் கொண்டு மட்டும் அதனை விளக்கிவிட முடியாது. அக்குவிமாடத்தை எழுப்பிய பொருள் எங்கிருந்து வந்தது? அப்பொருளை உழைத்துத் தந்த கைகள் யாருடையவை?

அண்மையில் இத்தாலி செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, இவ்வினாக்களை மனத்திற்கொண்டு ஒரு பகற்பொழுது முழுவதையும் புளோரன்சின் தெருக்களில் நடந்து கழித்தோம். ஓவியக் கூடங்களின் வாயிலில் நீண்டு கிடந்த வரிசைகளில் நாம் நிற்கவில்லை. ஒரு நாளில் அடங்காத நகரத்தில் எதைக் காண்பது, எதை விடுப்பது என முன்னரே தீர்மானித்துக் கொள்ளவேண்டும். நாம் தேடிச் சென்றது அந்நகரின் கம்பளித் தொழிலாளரை.

காலையிற் பேராலயத்தின் முன் நின்றோம். 1296 இல் ஆர்னொல்போ டி கம்பியோ தொடக்கிவைத்த கட்டடம் இது. நூறாண்டுகள் கடந்த பின்னரும் அதன் நடுப்பகுதி கூரையின்றி வானம் பார்த்துக் கிடந்தது. ஏறத்தாழ 45 மீற்றர் அகலமான அவ்விடைவெளியை மூடும் வழி எவர்க்கும் புலப்படவில்லை. 1418 இற் போட்டி அறிவிக்கப்பட்டது. பொற்கொல்லராகத் தொழில் பயின்ற பிலிப்போ புருனெல்லெஸ்கி, நிலத்திலிருந்து மரத்தாங்கிகளை எழுப்பாமலே, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு ஓடுகளைக் கொண்ட குவிமாடத்தைக் கட்டலாம் என்றார். 1420 இல் தொடங்கிய வேலை பதினாறு ஆண்டுகள் நடந்தது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதற்குத் தேவைப்பட்டன. 463 படிகளேறி உச்சிக்குச் செல்வோர், இரு ஓடுகளுக்கும் இடையே மீன்முள் வடிவில் அடுக்கப்பட்ட அச்செங்கற்களைக் கையாலே தொட்டுப் பார்க்கலாம்.

ஓவியர் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இவ்வேலை பற்றி ஒரு கதை சொல்கிறார். கூலி உயர்வு கேட்ட உள்ளூர்க் கொத்தரைப் புருனெல்லெஸ்கி வேலையால் நீக்கினாராம். லொம்பார்டியரைக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தாராம். பின்னர் இரந்து வந்த பழைய கொத்தரை முன்னிலுங் குறைந்த கூலிக்குச் சேர்த்துக்கொண்டாராம். கதை உண்மையோ புனைவோ, வசாரி அதனைக் கலைஞரின் சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறார் என்பது நோக்கற்பாலது. கொத்தரின் பக்கத்தில் நின்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. புளோரன்சின் வரலாற்றிற் பெரும்பகுதி இந்தப் பார்வையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இப்பேராலயப் பணியின் நிருவாகம் 1331 முதல் எவரிடம் இருந்தது? திருச்சபையிடம் அன்று, கம்பளி உற்பத்தியாளரின் தொழிற்குழுவிடம். பேராலயத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால், அத்தொழிற்குழுவின் மாளிகையைக் காணலாம். 1308 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கற்கட்டடத்தின் சுவரிலே கொடியேந்திய செம்மறிக் குட்டியொன்று செதுக்கப்பட்டுள்ளது. கிறித்தவர்க்கு அது இறைவனின் செம்மறி. கம்பளி முதலாளிகளுக்கு அதுவே வணிகச் சின்னமுமாயிற்று. மாளிகைக்கு அருகில், தானியச் சந்தையாகத் தொடங்கிப் பின் ஆலயமாகிய ஒர்சன்மிக்கேலே நிற்கிறது. அதன் வெளிச்சுவர் மாடங்களிலே ஒவ்வொரு தொழிற்குழுவும் தன் காவற் புனிதரின் சிலையை நிறுவியது. கம்பளிக் குழுவின் சிலையைக் கிபெர்ட்டி வெண்கலத்தில் வார்த்தார். மூலச் சிலைகளை உள்ளே காத்துவைத்து, வெளியே பிரதிகளை நிறுத்தியுள்ளனர்.

இத்தொழிற்குழுக்கள் யாவை என்பதனை விளங்கிக்கொள்ளாது புளோரன்சை விளங்கிக்கொள்ள முடியாது. 7 பெருங்குழுக்களும் 14 சிறுகுழுக்களுமாக 21 குழுக்கள் இருந்தன. வணிகர், வங்கியாளர், சட்டவறிஞர், கம்பளி முதலாளிகள், பட்டு முதலாளிகள் முதலியோர் பெருங்குழுக்களிற் சேர்ந்தவர்கள். கசாப்புக்காரர், கொல்லர், பாண் சுடுவோர் முதலியோர் சிறுகுழுக்களைச் சேர்ந்தவர்கள். குழுவில் உறுப்பினனாக இருந்தவனுக்கே அரசாட்சியில் இடமுண்டு. குடியரசு என்று பெருமைப்பட்ட ஆட்சியின் அடிப்படை இதுவே.

கம்பளித் தொழிலில் உழைத்தவர்களுக்கோ எந்தக் குழுவிலும் இடமில்லை. ஜொவான்னி வில்லானி என்னும் வரலாற்றாசிரியர் 1338 அளவில் நகரில் 200 கம்பளிப் பட்டறைகள் இருந்தன என்றும், ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 வரையான துணிகள் உற்பத்தியாயின என்றும், 30,000 பேர் அத்தொழிலால் வாழ்ந்தனர் என்றும் எழுதியுள்ளார். இவ்வெண்கள் மிகையானவை என இக்கால ஆய்வாளர் பலர் கருதினும், நகரின் உயிர்நாடி எதுவென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த உயர்ந்த கம்பளியைக் கழுவி, அடித்து, வாரி, சிக்கெடுத்து, நூற்று, நெய்து, மிதித்துத் துவைத்து, சாயமூட்டி, கத்தரித்து முடிப்பதற்கு இருபதுக்கும் மேற்பட்ட வேலைகள் இருந்தன. எண்ணெயும் அழுக்கும் படிந்த உடலோடு வாருதல், அடித்தல், கழுவுதல் ஆகிய கடைநிலை வேலைகளைச் செய்தோரே ‘சொம்பி’ எனப்பட்டனர். அவர்கள் கம்பளிக் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். ஆனால் அதன் உறுப்பினர் அல்லர். தமக்கெனச் சங்கம் அமைத்தல் அவர்களுக்குக் குற்றமாகும். குழு நியமித்த வெளியூர் அதிகாரியொருவன் அவர்களை விசாரிக்கவும் கசையால் அடிக்கவும் அதிகாரம் பெற்றிருந்தான்.

இன்னுமொன்று. 1252 முதல் புளோரன்ஸ் அச்சிட்ட பொன் நாணயமாகிய புளோரின், ஐரோப்பாவெங்கும் மதிக்கப்பட்டது. முதலாளி துணியைப் புளோரினுக்கு விற்றான். தொழிலாளிக்கோ சிறு வெள்ளி நாணயத்தில் கூலி கொடுத்தான். அச்சிறு நாணயத்தில் வெள்ளியின் அளவு குறைக்கப்பட்ட போதெல்லாம் கூலி எண்ணிக்கையில் மாறாது, பெறுமதியில் தேய்ந்தது. பணவீக்கத்தினால் மாதச் சம்பளம் கரைந்துபோவதை அனுபவித்த நமது வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நண்பகலில் கிழக்கே நடந்து சாந்தா குரோச்சே ஆலயத்தை அடைந்தோம். மைக்கல் அஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ ஆகியோரின் கல்லறைகள் இங்குள்ளன. ஆர்னோ நதி பெருக்கெடுத்த 1966 நவம்பர் 4 ஆம் நாள் வெள்ளம் உட்புகுந்து சிமபுவேயின் சிலுவை ஓவியத்தைச் சிதைத்ததும் இங்கேதான். ஆலயத்துக்கும் நதிக்கும் இடைப்பட்ட தெரு இன்றும் சாயக்காரர் தெரு என்னும் பெயரையே தாங்குகிறது. சாயம் கழுவ ஆற்றுநீர் வேண்டியிருந்தமையால் அத்தொழிலாளர் ஆற்றோரமாகவே வாழ்ந்தனர்.

1345 ஆம் ஆண்டில் சியூட்டோ பிராண்டினி என்னும் கம்பளித் தொழிலாளி இந்த ஆலயத்தின் பக்கத்திலே தொழிலாளரைக் கூட்டினான். ஒன்றுசேர்ந்து ஒரு சங்கமாக நிற்போம் என்றான். அதற்கெனச் சிறு தொகையும் சேர்க்க முயன்றான். மே மாதத்தில் ஓரிரவு அவனும் அவனுடைய இரு புதல்வரும் கைதாயினர். மறுநாட் காலையிற் கம்பளித் தொழிலாளர் வேலையை நிறுத்தி, அவனை விடுவிக்குமாறு கோரினர். ஐரோப்பிய வரலாற்றில் நாமறியும் மிக முந்திய வேலைநிறுத்தங்களுள் இதுவும் ஒன்று. சியூட்டோ தூக்கிலிடப்பட்டான். அவன் பேசிய சொற்களை எழுதிவைக்க நண்பன் எவனும் இருக்கவில்லை. அவனைக் கொன்றவர்களின் தீர்ப்பேடே அவனைப் பற்றிய நமது முதன்மைச் சான்று. இதே காலப்பகுதியில் புளோரன்சில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவியான ஜொவான்னி டி மரிஞொல்லி, 1338 இல் அவிஞோனிலிருந்து புறப்பட்டுச் சீனம் சென்று, திரும்பும் வழியிற் கொல்லத்திலும் நமது இலங்கையிலும் தங்கி, 1353 இல் மீண்டார். அவருடைய குறிப்புக்களை இன்றும் நாம் படிக்கிறோம். கடல் கடந்த துறவியின் சொல் நிலைத்தது. தன் ஊரிலேயே வாய் திறந்த தொழிலாளியின் சொல் அவனோடு மாய்ந்தது.

1348 இற் கொள்ளைநோய் வந்தது. நகர மக்களிற் பாதியளவினரோ அதற்கும் மேலானோரோ மாண்டனர். வில்லானியும் அவர்களுள் ஒருவர். அதன் பின் ஒரு தலைமுறை கழிந்தது. 1375 முதல் 1378 வரை போப்பரசருடன் நடந்த போர் வரிச்சுமையை ஏற்றி, வணிகத்தைக் குலைத்தது. அந்த நிலையிலேதான் 1378 யூலை மாதம் பிறந்தது.

பிற்பகலில் நாம் நின்ற சின்யோரியா சதுக்கமே அந்நிகழ்ச்சிகளின் களம். 1299 இல் தொடங்கிய அரண்மனை, 94 மீற்றர் உயரமான தன் கோபுரத்துடன் அன்று போலவே இன்றும் நிற்கிறது. அதன் வாயிலில் மைக்கல் அஞ்சலோவின் தாவீது சிலையின் பிரதி. 1504 இல் இங்கு நிறுத்தப்பட்ட மூலச்சிலை 1873 முதல் அக்கடமியாவில் உள்ளது. 1498 இற் சவனரோலா எரிக்கப்பட்ட இடத்தைத் தரையிற் பதித்த வட்டக்கல் காட்டுகிறது. பயணிகள் கூட்டங் கூட்டமாக அதனைச் சூழ்ந்து நிற்க, வழிகாட்டிகள் பல மொழிகளிற் பேசிக்கொண்டிருந்தனர். எமக்குக் கேட்ட அளவில், 1378 பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த யூலையிலே கிளர்ச்சித் திட்டமொன்றை அறிந்த ஆட்சியாளர், சிமோன்சினோ என்ற தொழிலாளியைப் பிடித்து அரண்மனைக்குள் வதைத்தனர். மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டிருந்த நிக்கொலோ என்பவன் அதனைக் கண்டு வெளியே ஓடிச்சென்று அயலாரை எழுப்பினான் என மாக்கியவெல்லி எழுதுகிறார். 20 ஆம் நாள் ஆலய மணிகள் ஒலித்தன. மக்கள் திரண்டனர். செல்வரின் வீடுகள் எரிந்தன. கம்பளிக் குழுவின் மாளிகையும் தாக்கப்பட்டது. 22 ஆம் நாள் அவர்கள் அரண்மனையைக் கைப்பற்றினர். கொடியைக் கையிலேந்தி வெறுங்காலுடன் முன்னே சென்ற மிக்கேலே டி லாண்டோ என்னும் கம்பளி வாருபவர் அரசின் தலைவராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார்.

அவர்கள் கேட்டவை யாவை? தமக்கெனத் தொழிற்குழு வேண்டும்; ஆட்சியிற் பங்கு வேண்டும்; கசையடி கொடுக்கும் வெளியூர் அதிகாரி ஒழியவேண்டும்; அரசுக் கடனுக்குச் செல்வர் பெறும் வட்டி நிற்கவேண்டும்; சிறுகடனுக்காக ஏழைகளைத் துன்புறுத்துதல் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்படவேண்டும். உலகைத் தலைகீழாக்கும் கோரிக்கை எதுவும் இதில் இல்லை. மனிதராக எண்ணப்படவேண்டும் என்பதே சாரம். சாயக்காரர்க்கு ஒன்று, சட்டை தைப்போர்க்கு ஒன்று, சொம்பிகளுக்கு ஒன்று என 3 புதிய தொழிற்குழுக்கள் அமைந்தன.

முதலாளிகள் வாளை எடுப்பதற்கு முன் பட்டறைகளை மூடினர். ஆட்சியிற் பங்கு கிடைத்தது; அடுப்பு எரியவில்லை. பசித்த தொழிலாளர் ஓகஸ்ட் இறுதியிற் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்திற் கூடித் தமக்கென எண்மரைத் தெரிவுசெய்து, மேலும் வற்புறுத்தினர். அப்பொழுது மிக்கேலே டி லாண்டோ அவர்களுக்கு எதிராக நின்றார். ஓகஸ்ட் 31 ஆம் நாள், எல்லாக் குழுக்களின் கொடிகளும் கேட்கப்பட்டன. சொம்பிகள் தம் கொடியைக் கொடுக்க மறுத்தனர். இச்சதுக்கத்திலேயே நாற்புறமும் வளைத்துத் தாக்கப்பட்டனர். சிறுகுழுக்களின் கைவினைஞர்களும் தாக்கியோருள் இருந்தனர். சொம்பிகளின் குழு கலைக்கப்பட்டது. சாயக்காரரும் சட்டை தைப்போரும் தம் குழுக்கள் தப்பின என ஆறுதலடைந்திருக்கலாம். 1382 சனவரியில் அவையும் கலைக்கப்பட்டன. மிக்கேலேயும் நாடுகடத்தப்பட்டார்.

உழைப்போரைத் தரந்தரமாகப் பிரித்து, ஒருவரைக் கொண்டு மற்றவரை அடக்கி, பின் அடக்கியவரையும் அடக்கும் இம்முறை எந்நூற்றாண்டுக்கு உரியது என ஆசிரியரான நாம் மாணவரைக் கேட்கலாம்.

இவ்வளவும் நடந்தபோது அதே அரண்மனையிலே அரச மடல்களை எழுதிக்கொண்டிருந்தவர், மனிதாயத முன்னோடிகளுள் ஒருவரான கொலுச்சியோ சலுத்தாத்தி. 1375 முதல் 1406 வரை அவர் அப்பதவியில் இருந்தார். ஆட்சிகள் மாறின, அவர் எழுதுகோல் மாறவில்லை. அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர்களுள் ஒருவரான லியொனார்தோ புரூனி, சுதந்திரத்தின் புகழை உயர்ந்த இலத்தீனிற் பாடியவர். சொம்பிகளைப் பற்றி எழுதும்போதோ, கீழ்மக்கள் கையில் ஆயுதம் சேர ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது என எச்சரித்தார். மனிதாயதம் பேசிய மனிதன் என்பதற்குள் கம்பளி வாருபவன் அடங்கவில்லை.

இதற்கு மாறாக ஒன்றையுங் கூறவேண்டும். மெடிச்சி குடும்பத்துக் கர்தினாலின் ஆதரவில் எழுதத் தொடங்கி 1525 இல் அளிக்கப்பட்ட தம் புளோரன்ஸ் வரலாற்றிலே, மாக்கியவெல்லி பெயரற்ற சொம்பி ஒருவனைப் பேசவைக்கிறார். உடையைக் களைந்து நின்றால் செல்வனும் நாமும் ஒன்றே, வேற்றுமை வறுமையாலும் செல்வத்தாலும் வந்ததே என்பது அவன் வாதத்தின் கருத்து. மாக்கியவெல்லி சொம்பிகளின் நண்பர் அல்லர். ஆயினும் நூலின் வலிமைமிக்க பேச்சுக்களுள் ஒன்று அவன் வாயிலேயே அமைந்தது. 1934 இற் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் வெய்ல் இக்கிளர்ச்சியைப் பாட்டாளிகளின் எழுச்சி எனப் பெயரிட்டு, தம் காலத் தொழிலாளர்க்கு அறிமுகஞ் செய்தார்.

சதுக்கத்துக்கு மேற்கே, புதிய சந்தை எனப்படும் தூண் மண்டபம் இருக்கிறது. பயணிகள் வெண்கலப் பன்றியின் மூக்கைத் தடவிச் செல்கின்றனர். நிலத்தின் நடுவே பொருத்திய வட்டக்கல்லிலே, கடனிறுக்க முடியாதோர் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்டனர். தூண்களின் மாடங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த சிலைகளுள் ஒன்று மிக்கேலே டி லாண்டோவுடையது. சொம்பிகளுள் ஒருவர்க்குச் சிலையெடுக்க நினைத்தபோது, சொம்பிகளை அடக்கியவரையே தெரிந்தெடுத்தனர். தூக்கிலேறிய சியூட்டோவை எவரும் எண்ணவில்லை. ஆனால் மக்கள் நாவில் அப்பெயர் முற்றாக மறையவில்லை: சாந்தா குரோச்சேக்கு வடக்கே ஒரு சதுக்கம் சொம்பிகளின் பெயரையே கொண்டிருக்கிறது.

மாலையில் மீண்டும் வடக்கே நடந்து, அன்னுன்சியாத்தா சதுக்கத்தில் உள்ள இன்னொசென்டி என்னும் அநாதைக் குழந்தைகள் இல்லத்தை அடைந்தோம். பட்டுத் தொழிற்குழுவின் பணத்தில் 1419 இற் புருனெல்லெஸ்கி தொடங்கிய கட்டடம் இது. மெல்லிய தூண்களும் வளைவுகளும் கொண்ட அதன் முகப்பு, மறுமலர்ச்சிக் கட்டடக்கலையின் தொடக்கமெனப் போற்றப்படுகிறது. வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில், துணி சுற்றிய குழந்தைகளின் சுடுமண் உருவங்கள். 1445 பெப்ரவரி 5 ஆம் நாள் இங்கு விடப்பட்ட முதற் குழந்தை ஒரு பெண். அன்று புனித ஆகத்தாவின் நாளாகையால் ஆகத்தா எனப் பெயரிட்டனர். இங்கு விடப்பட்ட குழந்தைகளுட் பலர் வேலைக்காரிகளுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். ஆம், அடிமைகள்: கொள்ளைநோயின் பின் 1363 இல் புளோரன்ஸ் கிறித்தவரல்லாத அடிமைகளின் இறக்குமதியைச் சட்டப்படி அனுமதித்தது. இல்லத்தின் அரும்பொருட் காட்சியில், தாய்மார் குழந்தையுடன் விட்டுச்சென்ற அடையாளங்கள் உள்ளன. அவற்றுட் பல பாதியாக வெட்டப்பட்ட பதக்கங்கள். மறுபாதியைத் தாய் வைத்திருப்பாள். என்றாவது ஒருநாள் வந்து பிள்ளையைக் கேட்பதற்கு அது சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இவ்வழக்கம் நீடித்தது.

இல்லம் திறக்கப்படுவதற்கு முன், 1427 இல், நகரம் வரிவிதிப்புக்காக ஒவ்வொரு வீட்டின் சொத்தையும் கணக்கெடுத்தது. அவ்வேடுகளை ஆராய்ந்தோர், நகரக் குடும்பங்களில் நூற்றில் ஒரு பங்கினர் நகரச் செல்வத்தின் காற்பங்குக்கும் மேலாக வைத்திருந்தனர் எனக் கண்டனர். குவிமாடம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளின் கணக்கு இது.

கலை சுரண்டலில் விளைந்தது, ஆதலால் அது வெறுக்கத்தக்கது எனச் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. குவிமாடத்தின் அழகை ஆண்டவர்க்கே உரியதென விட்டுக்கொடுப்பதுதான் தோல்வியாகும். புருனெல்லெஸ்கியின் அறிவு மறுக்கமுடியாதது. ஆனால் அவ்வறிவுக்குக் கல்லும் செங்கல்லும் காலமும் வாங்கித் தந்தது கம்பளி. ஆகவே அது கம்பளி வாரியோரின் உடைமையுமாகும். புரவலரின் பெயரை மட்டும் சொல்லிக் கற்பிக்கும்போது, நாம் அவ்வுடைமையை மீண்டும் ஒருமுறை பறிக்கிறோம்.

கதை முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். புளோரன்சிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பிராட்டோ, இன்றும் துணித்தொழில் நகரம். 2013 டிசம்பர் 1 ஆம் நாள் அங்கு ஒரு தையற் பட்டறை தீப்பற்றி எரிந்தது. வேலை செய்த இடத்திலேயே உறங்கிய 7 சீனத் தொழிலாளர் மாண்டனர். நமது நாட்டிலிருந்து சென்ற பல்லாயிரவரும் இத்தாலிய நகரங்களில் வீட்டு வேலையிலும் முதியோரைப் பேணும் வேலையிலும் உழைக்கின்றனர். அந்நகரங்களின் இன்றைய வரலாற்றை எழுதுவோர் அவர்களின் பெயர்களையும் தீர்ப்பேடுகளிலும் மரணப் பதிவுகளிலுந்தான் தேடவேண்டி வருமா?

அடுத்த தவணையில் மறுமலர்ச்சிப் பாடம் வரும்போது, ஆசிரியர்கள் 1453 ஐக் கரும்பலகையில் எழுதட்டும். அதற்கு மேலே 1436 ஐயும், அதற்கும் மேலே 1378 ஐயும், 1345 ஐயும் எழுதட்டும். நான்கு ஆண்டுகளையும் இணைக்கும் கோட்டினை மாணவரே வரைவர்.